ரெண்டரை மதிப்பெண் மச்சான்

என் மனைவியின் கூடப் பிறந்த அண்ணனை நான் ஒரு முறை கொல்லிமலையில் கைமாற்றிவிட்டேன். "எங்கண்ணன வித்துட்டாரு" என்றுதான் கவிதா இன்றுவரை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது தவறு. விற்றிருந்தால் பதிலுக்குப் பணம் வந்திருக்க வேண்டும். நான் மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். பதிலுக்கு எனக்கு ஓர் ஆள் கிடைத்தான். (இதை விளக்க விளக்க என் நிலைமை மோசமாகிக்கொண்டே போவது எனக்கே தெரிகிறது.)

எனக்கு ஹாக்கிப் பைத்தியம். ஆடத் தெரியுமா என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் நான் உபரி கோல்கீப்பர். நான்கு வருடத்தில் நான் மைதானத்துக்குள் கால் வைத்ததெல்லாம் தண்ணீர்ப் பாட்டில் கொடுக்கத்தான். ஆடத் தெரியாதவனுக்கு அபிப்பிராயம் வைத்துக்கொள்ள நிறைய நேரம் கிடைக்கும். எந்த அணி யாரை எடுத்தது, யாரை விட்டது என்று செய்தி வந்தால் போதும், டீக்கடை பெஞ்சில் நான் தீர்ப்பு எழுதிவிடுவேன். முப்பது வயதைத் தாண்டியவனை எடுக்கக் கூடாது. கோல்கீப்பரை மட்டும் கொஞ்சம் வயதானவனாகப் பார்த்து எடுக்க வேண்டும். பெனால்டி கார்னர் அடிப்பவனுக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள், அந்தக் கார்னரை வாங்கித் தருபவனை யாராவது கேட்கிறார்களா? இப்படிப் போகும் என் தீர்ப்புகள்.

இதற்கு என் தொழிலும் ஒரு காரணம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. பழைய வண்டி வந்து நின்றால் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரில் ஒரு தட்டு, பானெட்டில் ஒரு தட்டு. எவ்வளவு பெறும் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். லாரியைச் சொல்லத் தெரிந்தவனுக்கு மனிதனைச் சொல்லத் தெரியாதா என்ற திமிர் அந்த வயதில் எனக்கு நிறையவே இருந்தது.

கோழித்தீவனக் கம்பெனி ஒன்று இலவசமாகக் கொடுத்த டைரி என்னிடம் இருந்தது. அட்டையில் ஒரு வெள்ளைக் கோழி. உள்ளே பக்கத்துக்கு ஓர் ஆட்டக்காரர். வேகம், மட்டைச் சுத்தம், கோல், மூச்சு என்று பிரித்துப் பிரித்துப் போட்டு, கடைசியில் பத்துக்கு இத்தனை என்று வட்டம் போட்டிருப்பேன். உலக ஆட்டக்காரர்களிலிருந்து எங்கள் காளப்பநாயக்கன்பட்டி அணி வரை யாரும் தப்பவில்லை.

அந்த அணியில்தான் தங்கராசு மச்சான் இருந்தார். கவிதாவின் அண்ணன். கட்டட மேஸ்திரி. அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது. இடுப்பில் ஒரு சுற்றுச் சதை, வலது முழங்காலில் எந்நேரமும் ஒரு பட்டை. நடு மைதானத்தில் சென்டர் ஹாஃப் இடத்தில் நிற்பார். 'நிற்பார்' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள், மச்சான் சித்தாளுக்கு வேலை சொல்வதுபோல் நின்ற இடத்திலிருந்து கையைக் காட்டிக்கொண்டிருப்பார். கோல் அடித்து நான் பார்த்ததில்லை. டைரியில் அவருக்கு நான் போட்ட மதிப்பெண் ரெண்டரை. அந்த அரை, பெண் கொடுத்த வீட்டுக்காரர் என்பதற்காக.

மச்சான் பத்தொன்பது வருடமாக ஊருக்கு ஆடிக்கொண்டிருந்தார். நான்கு முறை இறுதி ஆட்டம் வரை போயிருக்கிறார்கள். நான்கு முறையும் ரெண்டாம் பரிசுதான். குத்துவிளக்கு, சுவர்க்கடிகாரம், சில்வர் குடம், மறுபடியும் ஒரு சில்வர் குடம். அவர் வீட்டில் டிவிக்கு மேலே ஒரு தட்டு அடித்து, அதில் எதையும் வைக்காமல் காலியாக விட்டிருந்தார். "அது கப்புக்குங்க" என்பார். முழங்காலைப் பார்த்த டாக்டர் இந்தப் பொங்கலோடு மட்டையைக் கீழே வை என்று சொல்லிவிட்டார். கொல்லிமலையில் பொங்கலை ஒட்டி நடந்த அந்த எழுவர் ஹாக்கிப் போட்டிதான் மச்சானுக்குக் கடைசி. அது எனக்கும் தெரியும்.

நான்தான் மேனேஜர். காரணம், பட்டறை வேன் என் கையில் இருந்தது. வேன் கொண்டுவருபவன் மேனேஜர் என்பது எங்கள் அணியில் எழுதாத விதி. கல்யாணமாகி மூன்று மாதம்தான். அண்ணனின் கடைசி ஆட்டத்தைப் பார்க்கக் கவிதாவும் வேனில் ஏறிக்கொண்டாள். எழுபது கொண்டை ஊசி வளைவில் நாற்பதாவதைத் தாண்டும்போது எங்கள் முன்வரிசை ஆட்டக்காரர் இருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார்கள். நான் வண்டியை ஓரங்கட்டி, டைரியை எடுத்து, இருவருக்கும் ஆளுக்கு ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

செம்மேட்டைத் தாண்டி ஓர் ஊரில் மைதானம். ஒரு பக்க கோல் மற்றொன்றைவிட முழங்கால் உயரம் மேலே இருந்தது. சுற்றிலும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். பந்து எல்லையைத் தாண்டினால் மரவள்ளிக் காட்டுக்குள் போய்விடும், தேடி எடுத்துவரும் வரை அம்பயர் பீடி குடிப்பார். ஒரு காலத்தில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு விளையாட்டு வாத்தியார் ஹாக்கியைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக, மலைக்காரர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

காலை ஆட்டத்தில்தான் அந்த ஊர் அணியின் பழனியைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது இருக்கும். ஒல்லி. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு உருண்டோடும் பந்தை எல்லோரும் துரத்துகிறார்கள், இவன் மட்டும் பந்து நின்று தனக்காகக் காத்திருப்பதுபோல் போய் எடுத்துக்கொண்டான். இரண்டு பேருக்கு நடுவில் நுழைந்தான். மூன்றாமவன் மட்டையை நீட்ட, பந்தைச் சும்மா ஒரு சாண் உயரம் தூக்கி அந்த மட்டைக்கு மேலே தாண்டவிட்டு, தானும் தாண்டிப் போய், தரையில் விழும் முன் வலைக்குள் தட்டினான். எனக்கு மயிர் கூச்செறிந்தது. டிவியில் இத்தனை வருடம் பார்த்ததில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கைதட்டவும் தோன்றாமல் வாயைத் திறந்தபடி நின்றேன். அன்று காலை மட்டும் நான்கு கோல். டைரியில் பத்துக்குப் பத்து போட்டு, கீழே இரண்டு கோடும் போட்டேன்.

எங்கள் அணியும் தட்டுத்தடுமாறி இறுதிக்கு வந்துவிட்டது. எதிரணி பழனியின் அணி. மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்து வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. போட்டி விதிகள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி மரத்தில் ஒட்டப்பட்டிருந்தன. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நடுவில் ஆளை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

மலை அணியின் கேப்டன் வெள்ளையனிடம் போய் உட்கார்ந்தேன். என் வயதுதான் அவருக்கும்.

"ஏனுங்க, கடைசி ஆட்டத்துக்கு ஒரு ஆள மாத்திக்கலாமுங்களா?"

கிழங்கு மெல்லுவதை நிறுத்தினார். "மாத்துறதுன்னா எப்படிங்க?"

"உங்க பழனி எங்க பக்கம் ஆடட்டும். எங்க தங்கராசு மச்சான் உங்க பக்கம் வரட்டும். நல்ல அனுபவமுங்க. பத்தொம்பது வருசமா ஆடறாரு. ஒரே ஊருக்கு ஓடுன..." (வண்டி என்று வாயில் வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன்.)

வெள்ளையன் யோசித்தார். "மாத்தாளுங்களா?"

பத்திரிகையில் 'மாற்று ஆட்டக்காரர்' என்று போடுவார்களே, அதற்கு மலையில் இதுதான் சொல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "ஆமாங்க, மாத்தாள்தான்."

"கேக்கறது யாருங்க, நீங்களா?"

"நானேதானுங்க."

"அப்பச் செரிங்க" என்றார். பழனியும் தலையாட்டினான்.

பேரமே இல்லை. லாரி வியாபாரத்தில் ஒருவன் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டினால் நான் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வருவேன். அன்று பார்க்கவில்லை. ரெண்டரையைக் கொடுத்துப் பத்தை வாங்கிய மயக்கத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்பயரிடம் போய்ச் சொன்னேன். "ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா எனக்கென்னங்க" என்று பீடியை அணைத்தார்.

மச்சான் மரத்தடியில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். எப்படியாவது இந்த முறை கப் நம் ஊருக்கு வர வேண்டும், அணியின் நலன்தான் முக்கியம் என்றெல்லாம் டிவியில் கேட்டதைச் சொன்னேன். அவர் தைலப் பாட்டிலை மூடிவைத்தார்.

"நம்ம பசங்ககிட்டச் சொல்லிட்டீங்களா மாப்ள?"

"சொல்லிக்கலாமுங்க மச்சான்."

அவர் தன் நீலச் சட்டையைக் கழற்றினார். நான்காக மடித்தார். என் கையில் கொடுத்தார். "செரிங்க மாப்ள" என்று எழுந்து, நொண்டிக்கொண்டே அந்தப் பக்கம் போனார். அந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. செய்ததை நான் சட்டை செய்யவில்லை.

ஆட்டம் தொடங்கும் முன் கவிதா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, எங்கண்ணன் எதுக்கு அந்தப் பச்சச் சட்டைல நிக்குது?"

"டிரான்ஸ்ஃபர்."

"எங்கண்ணன் என்ன கவர்மென்ட் வாத்தியாரா, டிரான்ஸ்ஃபர் போட?"

ஹாக்கியில் இதெல்லாம் சகஜம், உனக்குப் புரியாது என்று சொன்னேன். அந்த வாக்கியத்தையும் அவள் மறக்கவில்லை.

முதல் ஐந்து நிமிடம் நான் எதிர்பார்த்தபடியே போனது. பழனி தனியாக நாலு பேரைத் தாண்டிப் போய் ஒரு கோல் அடித்தான். நான் குதித்தேன். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் எல்லோரும் பந்து கிடைத்தால் பழனியைத் தேடுவதும், கிடைக்காவிட்டால் பழனி பார்த்துக்கொள்வான் என்று நிற்பதுமாக இருந்தார்கள். பழனி ஆளில்லாத இடமாகப் பார்த்து ஓடி ஓடிப் போய் நின்றான். அங்கே ஒரு பந்தும் வரவில்லை. அவனை எப்போது, எங்கே தேட வேண்டும் என்று சொல்ல நடுவில் எங்களுக்கு ஆளில்லை.

அந்த ஆள் எதிர்ப் பக்கம் நின்றிருந்தார்.

மச்சானை நான் அதுவரை எங்கள் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன், அதாவது முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் முகத்தைப் பார்த்தேன். அவர் கண் பந்தின் மேல் இல்லை. பந்து அடுத்து எங்கே வரும் என்பதில் இருந்தது. எங்கள் ஆள் பந்தை அடிக்க மட்டையை ஓங்கும்போதே அவர் இரண்டு எட்டு நகர்ந்துவிடுவார். பந்து நேராக அவர் மட்டைக்கு வந்து சேரும். அவர் ஓடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட மனிதர் எதற்கு ஓட வேண்டும்?

ஒரு கட்டத்தில் வெள்ளையன் பலமாக ஒரு பந்தை மச்சானை நோக்கித் தள்ளினார். எங்கள் ஆட்கள் மூன்று பேர் மச்சான் மேல் பாய்ந்தார்கள். மச்சான் மட்டையை லேசாகத் தூக்கினார். பந்து அவர் காலுக்கு நடுவே புகுந்து பின்னால் போனது. பின்னால், யாரும் கவனிக்காமல் விட்ட மலைப்பையன் ஒருவன் காலி கோலுக்கு முன் நின்றிருந்தான். பந்தைத் தொடவே இல்லை அந்த மனிதர்! தொடாமலே ஒரு கோல் போட வைத்தார். இதற்கு என் டைரியில் எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது? தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் மேனேஜர் நான், ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. பத்தொன்பது வருடமாக எங்கள் ஊரில் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. மூன்று மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து மதிப்பெண் போட்டவனுக்குத் தெரியவில்லை.

நான்குக்கு ஒன்று. தோற்றோம். கவிதா மூன்றாவது கோலிலிருந்தே அண்ணன் பக்கம் சேர்ந்து கைதட்டத் தொடங்கிவிட்டாள்.

கப்பை வாங்கிய வெள்ளையன் நேராக மச்சான் கையில் கொடுத்தார். "மாத்தாளா வந்தவருக்குத்தானுங்க மொதல்ல" என்றார். வேலைக்கு மாற்றாக வந்தவருக்கு முதலில் சோறு போட்டுவிட்டுத்தான் வீட்டார் சாப்பிடுவது அவர்கள் வழக்கமாம். "ஊட்டுலயே வெச்சுக்கங்க" என்றும் சொல்லிவிட்டார்கள். மச்சான் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பச்சைச் சட்டையில் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்றுதான் நாங்கள் எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

வேனைத் திருப்பும்போது பழனி தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணா, எப்ப வாரீங்க?"

"எங்க?"

"மொளகு பறிக்கங்க. மாத்தாள்னு சொன்னீங்கல்லங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இன்று நான் உன் காட்டு வேலைக்கு வருகிறேன், இன்னொரு நாள் நீ என் காட்டுக்கு வா. அதுதான் மாத்தாள்.

"அதுக்குத்தான் எங்க மச்சான் உங்க பக்கம் ஆடிட்டாரேப்பா!"

வெள்ளையன் குறுக்கே வந்தார். அவருக்கு உண்மையிலேயே குழப்பமாக இருந்தது. "அது அண்ணனோட நாளுங்க. அதுக்கு நான் அவரு ஊட்டுக்கு ஒரு நாள் போயிருவேன். பழனியக் கேட்டது நீங்கதானுங்களே? உங்க நாளத்தானுங்க நீங்க குடுக்க முடியும். இன்னொருத்தரு நாள எப்படிங்க குடுக்கறது?"

உலகத்து ஹாக்கி அணிகள் அத்தனையும் யாரை எடுக்கலாம், யாரைத் தள்ளலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இந்த மனிதர் மட்டையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே விஷயத்தை முடித்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு மாசி மாதம் வருவதாக ஒப்புக்கொண்டேன்.

இறங்கும்போது மச்சான் முன்சீட்டில் என் பக்கத்தில், மடியில் கப்போடு. ஐம்பதாவது வளைவில் டேஷ்போர்டிலிருந்து வெள்ளைக்கோழி டைரி வழுக்கி அவர் காலடியில் விழுந்தது. எடுத்தார். பிரித்தார். நான் ஸ்டியரிங்கை விட முடியாது. ஒவ்வொரு பக்கமாக, நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் ரொம்ப நேரம் நிறுத்தினார்.

"பேனா இருக்குங்களா மாப்ள?"

சட்டைப்பையைக் காட்டினேன். எடுத்து என்னவோ எழுதினார், மூடி வைத்தார். காளப்பநாயக்கன்பட்டி டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் வடை எத்தனை என்று கேட்க, மச்சான் கப்பைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"எனக்கு ரெண்டரை போதுமுங்க."

பசங்கள் புரியாமல் பார்த்தார்கள். கவிதா என்னைப் பார்த்தாள், டைரியைப் பார்த்தாள், ஒரே எட்டில் அதைப் பிடுங்கிப் புரட்டினாள். அடுத்த அரை மணி நேரத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் தங்கராசு மச்சானுக்குப் பெயர் ரெண்டரை.

மாசியில் போனேன். ஒற்றை மூங்கிலில் கணுவை மட்டும் விட்டுச் செதுக்கிய ஏணியில் பழனி விறுவிறுவென்று ஏறி, மர உச்சியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் மிளகுக் கொத்தை உருவிப் போட்டான். அன்று பந்து எடுக்கப் போனானே, அதே அவசரமில்லாத அவசரம். நான் மூன்றாவது கணுவில் நின்று "கந்தா, முருகா" என்று சாமியைக் கூப்பிட்டு இறங்கிவிட்டேன். கீழே நின்று ஏணியைப் பிடித்தேன், கைக்கெட்டிய கொத்துகளைப் பறித்தேன். அதிலும் பாதி பிஞ்சு. சாயங்காலம் அவன் பறித்தது மூட்டை, நான் பறித்தது ஒரு துண்டின் முனையில் முடியும் அளவு. அவர்கள் எனக்குத்தான் முதலில் சோறு போட்டார்கள்.

"உன் ஆட்டத்துக்கு இதெல்லாம் ஈடாகுமா பழனி?"

அவன் முழித்தான். "ஒரு நாளு வந்தீங்கல்லங்க?" என்றான். அதற்கு மேல் அதில் பேச அவனுக்கு ஒன்றும் இல்லை.

வெள்ளையனும் சொன்னபடி மலையிறங்கி வந்து மச்சான் காட்டில் ஒரு நாள் சின்ன வெங்காயம் நட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கப் டிவிக்கு மேலே அந்தத் தட்டில் இன்றும் இருக்கிறது. அதில் பொறித்திருப்பது மலைக்காரர்கள் ஊர்ப் பெயர். பார்த்துவிட்டு யார் கேட்டாலும் மச்சான் ஒரே பதில்தான் சொல்வார்: "எங்க மாப்ள வாங்கிக் குடுத்ததுங்க." கிண்டலா நன்றியா என்று இத்தனை வருடத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

அந்த டைரியை நான் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. போன பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்த கவிதா அதை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது உரக்கப் படித்தாள். மேஸ்திரியின் கொட்டை எழுத்து:

"மேனேஜர். வேகம் இல்லை. மட்டை பிடிக்கத் தெரியாது. ஆள் எடை போடத் தெரியாது. கடைசி ஆட்டத்தில் கப் வாங்கிக் கொடுத்தார். பத்துக்கு ரெண்டே முக்கால்."

மச்சானைவிட எனக்குக் கால் மதிப்பெண் அதிகம்! சிரிப்பு அடங்கிய பிறகு நான் கொஞ்சம் நெகிழ்ந்துபோய்த்தான் கேட்டேன், அந்தக் கால் எதற்கு மச்சான் என்று.

மச்சான் இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"வேனுக்குங்க மாப்ள."